அகப்பைக் காம்புக்குக் கத்தி, கதவுத் தாமரைக்கு உளி: இரண்டு மரவேலைச் சரக்குகளின் மதிப்பீடு

பனையேறி பாளை சீவுகிறார். தேர் ஆசாரி யாளி செதுக்குகிறார். யாளியைச் சீவினார் என்றோ பாளையைச் செதுக்கினார் என்றோ ராமநாதபுரம் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் விட்லிங், கார்விங் என்று பிரிப்பதை நம் பேச்சு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. இணையக் கடைகள்தான் பிரிப்பதில்லை. கத்தியும் ‘வுட் கார்விங் கிட்’, உளியும் ‘வுட் கார்விங் கிட்’. கரண்டி சீவ ஆசைப்பட்டவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு உளி வந்து இறங்குகிறது. பூஜையறைக் கதவில் தாமரை செதுக்க நினைத்தவருக்கு ஒரு குட்டிக் கத்தி வருகிறது. இருவரும் ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, மரவேலை நமக்கு வராது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இங்கே எடைபோடுவது இரண்டு சரக்கை. ஒன்று, ஸ்வீடனின் மோராக்னிவ் நிறுவனத்து 120 எண் கத்தி. கூடவே அதன் அண்ணன் 106. இன்னொன்று, பத்துப் பதினைந்து பெயர்களில் ஒரே மாதிரி விற்கப்படும் 12 உளிப் பெட்டி. பளபளப்பான மரக்கைப்பிடி, துணிச்சுருள் அல்லது பிளாஸ்டிக் டப்பா, ஆளுக்கொரு வடிவ நுனி என்று இருக்குமே, அதுதான். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை அடிக்கும் உப்புக்காற்றில், இங்கே கிடைக்கும் மரத்தில் இவை எப்படி உழைக்கும் என்பதே அளவுகோல். வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்வுட் என்ற வெண்ணெய் மாதிரி மரத்தில் வெட்டிக் காட்டும் காணொளிகளை வைத்து இங்கே எதையும் தீர்மானிக்க முடியாது.

மரம் எங்கே இருக்கிறது?

எந்த வேலை எது என்று தெரிய ஒரு கேள்வி போதும்: வெட்டும்போது மரம் எங்கே இருக்கிறது? ஒரு கையில் மரம், மறு கையில் கத்தி என்றால் சீவுதல். மரம் மேசையில் கிளாம்ப் போட்டு அசையாமல் கிடக்க, இரண்டு கையும் உளியைப் பிடித்திருந்தாலோ, ஒரு கை கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தட்டினாலோ, அது செதுக்குதல். மற்ற எல்லா வேறுபாடும் இதிலிருந்து வருகிறது. கையில் பிடித்த மரத்தின் மேல் மணிக்கட்டும் கட்டைவிரலும் தருகிற பலம்தான் விழும். அதனால் சீவல் மெல்லிசு, பொருள் சின்னது, மரம் இளசாகவோ பச்சையாகவோ இருந்தால் சுலபம். இறுக்கிப் போட்ட மரத்தில் 400, 500 கிராம் கொட்டாப்புளியின் அடி விழும். காய்ந்த தேக்கும் வேம்பும் அதற்கு வழிவிடும்.

அடுத்தது வளைவு. நேரான அலகு மேட்டை உருட்டும், பள்ளத்துக்குள் இறங்காது. சின்னக் குழிக்குள் கத்தியை விட்டால் முனை ஒரு பக்கம் குத்தும், அடி ஒரு பக்கம் இடிக்கும். பள்ளத்துக்கு வளைந்த வாய் வேண்டும். அதற்குத்தான் குழி உளி. அதன் வளைவுக்கு ஷெஃபீல்டு பட்டியல் என்ற எண்முறை உண்டு: 1 தட்டை, 2 சாய்ந்த வாய், 3-லிருந்து 9 வரை வளைவு ஏறிக்கொண்டே போய் 9 ஏறத்தாழ அரைவட்டமாகிவிடும், 11 குறுகலான யூ வடிவம். சுவிஸ் நாட்டு பிஃபைல் உளியில் 5/12 என்று பொறித்திருந்தால் வளைவு எண் 5, வாய் அகலம் 12 மி.மீ. நல்ல உளி விற்பவர் இந்த இரண்டு எண்ணையும் சொல்லியே விற்பார். 12 உளிப் பெட்டியின் எந்த விளம்பரத்திலும் இந்த எண் இருக்காது. சந்தேகம் அங்கேயே தொடங்க வேண்டும்.

மேற்பரப்பும் வேறு. சீவிய பொருளில் கத்தி விட்டுப்போன சின்னச் சின்னப் பட்டைகள் வெளிச்சத்தில் மின்னும். அதுதான் அதன் அழகு. அதில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குபவர்களைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் வருகிறது. அழகு போவது ஒருபுறம். தாளின் துகள் நாருக்குள் தங்கி, மறுபடி கத்தி வைத்ததும் அதன் கூர்மையைத் தின்றுவிடும். சீவுதலும் செதுக்குதலின் ஒரு கிளைதானே என்று வாதிடலாம், தப்பில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அரும்பாவூர் மரச்சிற்பத்தையும், திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சீவும் பம்பரத்தையும் ஒரே குடும்பம் என்று சொன்னால் குடும்பம்தான். ஆனால் அரும்பாவூர்ப் பட்டறைக் கருவியை வைத்துப் பம்பரம் சீவ முடியாது. கடைக்குப் போகும்போது அதுதான் கணக்கு.

மோரா 120, 106

120-க்கு அலகு நீளம் சுமார் 6 செ.மீ., 106-க்கு சுமார் 8 செ.மீ. இரண்டும் முனையை நோக்கி ஒடுங்கும். நடுவில் கடினமான கார்பன் எஃகு, இரு பக்கமும் மென்மையான எஃகு என்று அடுக்கி அடித்த அலகு. வெட்டுவாயின் சரிவு ஒரே தட்டையாக, கண்ணுக்குத் தெரியும் அகலத்தில் இருக்கும். தீட்டும்போது அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானாக வந்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. முதல் கத்தி என்றால் 120 எடுங்கள். 106-ல் முனை கையைவிட்டுத் தள்ளி இருப்பதால், நீளமான காம்பை இழுத்துச் சீவ வசதி. நுணுக்கத்துக்கு ஆகாது, முனை எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும்.

குறைகள் உண்டு. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் தடுப்பு கிடையாது. முனையை மரத்தில் குத்தி அழுத்தினால், வேர்த்த கை வழுக்கி அலகில் ஏறிவிடும். சித்திரை வைகாசியில் பாம்பனில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது வெறும் எச்சரிக்கை இல்லை. இந்தக் கத்தியால் குத்தும் வேலையே செய்யக்கூடாது. துளை வேண்டுமென்றால் துரப்பணம் போடுங்கள். இரண்டாவது, முனை மெல்லிசு. சிக்கிய சில்லை நெம்பினால் ஒடியும். மூன்றாவது, பிளாஸ்டிக் உறை. கடற்கரை மணல் நாலு துகள் உள்ளே போய்விட்டால், கத்தியைச் செருகும் ஒவ்வொரு முறையும் கூரில் உரசும். வாரத்துக்கு ஒருமுறை உறையைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். தோலுறை இதற்கு மாற்று ஆகாது. தோல் உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

பெரிய குறை துரு. இது கார்பன் எஃகு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் துடைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் பழுப்புப் புள்ளி இருக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெயும் தாங்கும், ஆனால் நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும். இன்னொரு வழி, புதுக்கத்தியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அரை மணி நேரம் முக்கி, கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவது. அலகு சாம்பல் நிறமாகும்; அந்தப் படலம் துருவைத் தாமதப்படுத்தும், முழுசாகத் தடுக்காது. ஊறவைத்த பிறகு அலகின் கூரை ஒருமுறை தோல் வாரில் இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். தீட்டுகல்லை நனைக்க வீட்டு உப்புக்கிணற்றுத் தண்ணீரை எடுப்பார்கள். அது அலகில் காயும் முன்பே வேலையைக் காட்டிவிடும். கல்லுக்குக் குடிதண்ணீர் போதும், ஒரு டம்ளர்தான் செலவு.

தீட்டுவதற்கு 1000 எண் கல் ஒன்று, 3000 எண் ஒன்று, பழைய இடுப்பு வாரின் உள்பக்கம் ஒன்று. வாரை ஒரு பலகையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். 1000-த்தில் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் நுனி நெடுக ஒரு பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்படும்வரை பக்கம் மாற்றாதீர்கள். அவசரப்பட்டுப் பக்கம் மாற்றுவதுதான் கூர் வராததற்கு முதல் காரணம். பிறகு 3000-ல் இரண்டு பக்கமும், கடைசியாக வாரில் பக்கத்துக்கு 20 இழுப்பு. இழுப்பது எப்போதும் முதுகு முன்னே போக, கூர் பின்னே வர. மாற்றி இழுத்தால் தோல்தான் சீவப்படும். பனையேறிகள் மரப்பலகையில் கல்பொடி தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதும் இதே தத்துவம். வேலை நடுவே அரை மணிக்கு ஒருமுறை வாரில் இழுத்துக்கொண்டே இருந்தால், கல்லுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும்.

கூர் வந்ததா என்று பார்க்க, கட்டைவிரலில் தடவ வேண்டாம். பெட்டி செய்யும் பைன் பலகையின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒரு சீவல் எடுங்கள். வெட்டிய இடம் மின்னினால் கூர். மாவு மாதிரி வெளிறி, நசுங்கியிருந்தால் மறுபடி வாருக்கு.

பிடிமுறையில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். அரிவாள்மனையில் பழகிய கைக்குக் கத்தி நிற்கும், காய்தான் நகரும். சீவுதலில் மரம் நிற்க வேண்டும், கத்தி நகர வேண்டும். பழக்கதோஷத்தில் மரத்தைத் தள்ளினால் வெட்டின் ஆழம் கையில் இருக்காது. இரண்டு வெட்டுப் பழகினால் முக்கால் வேலை முடிந்தது. முதலாவது தள்ளுவெட்டு: மரம் பிடித்த கையின் கட்டைவிரலைக் கத்தி முதுகில் வைத்து, அந்த விரல்தான் தள்ளும், கத்தி பிடித்த கை திசை மட்டும் காட்டும். இரண்டாவது இழுவெட்டு: மாங்காய்த் தோல் சீவுவது போலக் கட்டைவிரலை நோக்கி இழுப்பது. இந்த இரண்டாவதில்தான் விரல் கிழியும். பழைய சைக்கிள் டியூபில் 4 செ.மீ. துண்டு வெட்டிக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளுங்கள். வெட்டுத்தடுப்புக் கையுறை இழுவெட்டைத் தாங்கும், குத்தைத் தாங்காது. உட்காரும்போது முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றி, கத்தி முழங்காலுக்கு வெளியே ஓடட்டும். தொடைக்கு மேல் வைத்துச் சீவக்கூடாது. தொடையின் உள்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிடக் கணக்குதான்.

இந்தக் கரையின் மரங்கள்

பூவரசுதான் முதல் தேர்வு. பச்சையாக இருக்கையில் 120 கத்தி அதில் சறுக்கிக்கொண்டு போகும். காய்ந்ததும் வைரம் காப்பிக் கொட்டை நிறத்தில் மெருகேறும். சோற்றில் வாடை ஏற்றாது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்று அழைத்து உணவுக் கலங்கள் குடைந்திருக்கிறார்கள். நுணா மஞ்சள் நிறம், இளசு, பழகுவதற்கு நல்லது. வேம்பு வெட்டக் கிடைக்கும், ஆனால் நார் அங்கங்கே திசை மாறிப் பின்னிக் கிடப்பதால் கத்தி திடீரென்று உள்ளே பாயும். கரண்டி செய்தால் கொஞ்ச நாளைக்குக் கசப்பு இறங்கும். வாகை உளிக்கு ஏற்றது. தேக்கில் மணல்சத்து உண்டு, பார்க்க மென்மையாகத் தெரிந்தாலும் கூரைச் சீக்கிரம் மழுங்கடிக்கும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதுதானே மாவட்டம் முழுக்க நிற்கிறது. காய்ந்துவிட்டால் கத்திக்கு அது இரும்பு, பச்சையில் சீவலாம். அதன் பெரிய குணம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும், அதனால் விரிசல் குறைவு. கட்டை சிறிது, கோணல், முள் வேறு. கைப்பிடிகளுக்கும் கொட்டாப்புளிக்கும் நல்ல மரம், கரி மூட்டத்துக்குப் போவதில் நாலு துண்டு எடுத்து வைத்தால் நஷ்டமில்லை. சவுக்கு வேண்டாம், பிளந்துகொண்டு போகும். பனையைச் சீவ நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வெளிவட்டத்தில் கருப்பு நார் கம்பி மாதிரி, உள்ளே சோறு. கத்தி கம்பியைத் தொடர்ந்து ஓடும். சிராய் விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

கரை ஒதுங்கிய கட்டையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நாருக்குள் மணல், கப்பல்புழு குடைந்த துளைக்குள் சுண்ணாம்பு, எல்லா இடத்திலும் உப்பு. ஒரு சீவலில் கூர் போகும், மறுநாள் துரு வரும். பழைய வள்ளத்துப் பலகையில் ஆணி ஒடிந்து கிடக்கும். அலையாத்திக் காட்டு மரத்தில் கைவைப்பது சட்டப்படிக் குற்றம். அங்கே வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளியில் கரண்டி செய்யவே கூடாது, மரம் முழுக்க விஷம். துறைமுகச் சரக்குப் பெட்டிப் பைன் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, சீவலாம், எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

பச்சைக் கிளை எடுத்தால் நடுவால் பிளந்து, நடுநெட்டியோடு ஒட்டிய ஒரு செ.மீ. மரத்தைத் தூக்கி எறியுங்கள். நெட்டி உள்ளே இருந்தால் விரிசல் நிச்சயம். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் பாதி சீவிய பொருளை வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் பிளந்து நிற்கும். அதன் சீவல்களோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் முடிந்து வையுங்கள். வாடைக்காற்று மாதங்களில் தலைகீழ்: பையில் இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பூசணம் பூக்கும்.

120-க்கு ஏற்ற முதல் வேலை

முழுக்கரண்டி வேண்டாம். அதன் குழிக்கு வளைந்த கொக்கிக் கத்தி தேவை. மோரா 164 அதற்கானது, வலக்கை இடக்கை என்று தனித்தனியாக வருகிறது, ஆர்டர் போடும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் 120-ன் முனையால் குழி தோண்டுபவர்கள்தான் முனையை ஒடிப்பவர்கள்.

நம் சிரட்டை அகப்பையில் குழியைத் தென்னையே செய்து கொடுத்துவிட்டது. காம்பு மட்டும் சீவினால் போதும். கண் இல்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, விளிம்புக்கு 1.5 செ.மீ. கீழே ஒரு பக்கம் 11 மி.மீ. துளை, நேரெதிரே 8 மி.மீ. துளை. காம்புக்கு 35 செ.மீ. நீளத்தில், 2 செ.மீ. கனத்தில், நன்றாகக் காய்ந்த பூவரசு. நுனிப்பக்கம் 14 செ.மீ. தூரத்தை மெல்ல மெல்ல ஒடுக்கி, பெரிய துளைக்குள் நுழைந்து சின்னத் துளையில் இறுகி நிற்கும்படி சீவ வேண்டும். முதலில் நாலு பட்டை, பிறகு மூலைகளை எடுத்து எட்டுப் பட்டை, பிறகு பதினாறு. நேராக உருட்ட முயன்றால் ஒரு பக்கம் பள்ளம் விழும். மூன்று சீவலுக்கு ஒருமுறை துளையில் விட்டுத் திருப்பிப் பார்த்தால், இடிக்கும் இடம் அழுந்தி மின்னும். அந்த மினுக்கத்தை மட்டும் சீவுங்கள். பச்சை மரத்தில் காம்பு செய்தால் அன்றைக்கு இறுக்கமாக இருக்கும், பதினைந்து நாளில் சுருங்கி, குழம்புக்குள்ளேயே சிரட்டை கழன்றுவிடும். எண்ணெய் பூச ஆளிவிதை எண்ணெய் காயும். கடலை எண்ணெய் காயாது, ஊசிப்போகும்.

இரண்டாவது வேலை, வலை பின்னுகிற ஊசி. இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான், இருந்தாலும் கத்திப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 20 செ.மீ. நீளம், 5 மி.மீ. கனம்; அகலம் மட்டும் நூல் சுற்றிய பிறகும் வலைக்கண்ணிக்குள் நுழையும் அளவு. நூல் மாட்டும் உள்நாக்கு நாரோட்டத்தின் வழியிலேயே அமைய வேண்டும். ஓட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நூல் மாட்டும்போது நாக்கு முறியும். நாக்கின் இரண்டு பக்கமும் முதலில் 3 மி.மீ. துளைகள் வரிசையாகப் போட்டு, பிறகு கத்தியால் இணைக்க வேண்டும். துளை போடாமல் கத்தியால் மட்டும் ஊடுருவ நினைத்தால், விரல் தடுப்பு இல்லாத அந்தப் பிரச்சினை இங்கேதான் தலைகாட்டும்.

12 உளிப் பெட்டி

விலை மலிவு. ஒரு 120 கத்தி விலைக்கு இதில் ஒன்றுக்கு மேல் வாங்கலாம். படத்தில் வரிசையாகப் பார்க்க லட்சணமாகவும் இருக்கிறது. நல்ல வார்த்தை இத்தோடு முடிந்தது.

கைக்கு வரும்போது இதில் எதுவுமே கூராக இருப்பதில்லை. வெட்டுவாய்க்குப் பின்னால் தோள் தடிப்பாக இருப்பதால் ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்குமே தவிர வெட்டாது. வீ (V) வடிவ உளியின் இரண்டு கன்னமும் ஒரே கனத்தில் இருக்காது. இரண்டும் சேரும் அடிமூக்கு ஒரு பக்கம் தள்ளி நிற்கும், அதனால் கோடு கோணலாகப் போகும். கைப்பிடிக்குள் போகும் வால் குட்டை. கொட்டாப்புளியால் தட்டினால் கைப்பிடி பிளக்கும் அல்லது உளி ஆடும். இது கைபலத்தில் தள்ளி, லினோலியம் விரிப்பு, பால்சா என்ற மிருதுவான மரம், சோப்பு போன்றவற்றில் வேலை செய்ய மட்டுமே லாயக்கு. காய்ந்த வேம்பில் பத்து நிமிடத்தில் நுனி மடிந்துவிடும்.

மடிந்த நுனியைப் பட்டறைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நுனி நீலம் பூத்ததென்றால் பதம் போய்விட்டது. 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் தீட்டுங்கள்: வெளிச்சரிவைக் கல்லில் வைத்து, தொட்டில் ஆட்டுவது போல் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே தேய்த்து, கோணத்தை 25 டிகிரி அருகில் கொண்டுவர வேண்டும். உள்பக்கப் பிசிறை, வாரை மடித்து அந்த வளைவில் இழுத்து எடுக்கலாம். ஒரு உளிக்கு ஒரு மணி நேரம் ஆகும். பன்னிரண்டையும் தீட்டுவது வீண்வேலை. தட்டை ஒன்று, நடுத்தர வளைவு ஒன்று, சின்ன யூ ஒன்று, மூன்றை மட்டும் தீட்டிப் பாருங்கள். மீதி ஒன்பதும் பெயிண்ட் டப்பா மூடி திறக்க ஆகும்.

தட்டித் தட்டிச் செதுக்குவதுதான் வேலை என்றால் அந்தப் பணத்தைக் கொல்லுப்பட்டறையில் கொடுப்பது புத்திசாலித்தனம். தேய்ந்த அரம் அல்லது லாரி ஸ்பிரிங் பட்டையில் உளி அடித்துத் தரும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. வளைவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 10 ரூபாய் நாணயத்தை நீட்டி, இந்த வட்டத்தின் வளைவில் 12 மி.மீ. வாய் என்று கேளுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., அதன் வளைவு நடுத்தரக் குழி உளிக்குச் சரியாக வரும். மொத்தம் ஐந்து போதும்: 12 மி.மீ. தட்டை, அதே அகலத்தில் லேசான வளைவு, இந்த நாணய வளைவு, 3 மி.மீ. யூ, 6 மி.மீ. வீ. வீ மட்டும் பட்டறையில் சரியாக வருவது அபூர்வம். அதை எண் போட்டு விற்கும் கம்பெனிச் சரக்காக வாங்கிவிடுங்கள். வாங்கியதும் புது அரத்தை நுனிக்குப் பக்கத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் (சூடேற்றிக் குளிரவைத்துக் கொடுக்கும் கடினம்) நன்றாக இருக்கிறது. கடித்து இரும்புத்தூள் வந்தால் மறுபடி தோய்த்துத் தரச் சொல்லுங்கள்.

இந்த ஐந்தில் 10 செ.மீ. சதுரத் தாமரை ஒன்றை 2 செ.மீ. கனமுள்ள காய்ந்த வாகைப் பலகையில் எடுக்கலாம். பலகையை இரண்டு கிளாம்பில் இறுக்குங்கள். கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வீ உளியால் சுற்றுவாய்க்கால் வெட்டி, பின்னணியை ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. என்று மூன்று தடவையில் 6 மி.மீ. தாழ்த்த வேண்டும். பின்னணி தாழ்ந்த பிறகுதான் இதழின் கோட்டில் உளியை நிறுத்திச் செங்குத்தாகத் தட்ட வேண்டும். வரிசையை மாற்றி, முதலிலேயே கோட்டில் செங்குத்தாக இறக்கினால் உளியின் கனம் ஒதுங்க இடமில்லாமல் இதழுக்குள் தள்ளும். நார் குட்டையாக இருக்கும் இதழ் நுனி சில்லாகத் தெறிக்கும். தெறித்தால் சில்லைத் தேடி எடுத்து ஃபெவிகாலில் ஒட்டிவிட்டு, அடுத்த நாள் அந்த இதழுக்குத் திரும்புங்கள்.

பெட்டியை ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மூன்றைப் பாருங்கள்: கைப்பிடியை முறுக்கினால் அலகு ஆடுகிறதா, வீ உளியை நேராகப் பார்த்தால் மூக்கு நடுவில் இருக்கிறதா, அரம் வழுக்குகிறதா கடிக்கிறதா. அரச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.